என்னை நடிச்சவன்

உங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்குன்னு கேக்கப் போறீக. அதானே? சாத்தூர்ல பஸ் ஏறி உக்காந்ததுல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்கீகளேன்னு நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வாரேன். கேளுங்க, பரவாயில்ல. எனக்குப் பழகிப்போச்சு. கொஞ்ச காலமா இதே பாடுதான்.

என்னை நீங்க பாத்ததில்ல அண்ணாச்சி. நீங்க படம் பாத்திருக்கீக.

ஆமா, அந்தப் படந்தான். லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருப்பானே ஒருத்தன், துண்டை நாலா மடிச்சுத் தொடையில போட்டுக்கிட்டு, பொண்டாட்டியை வெரட்டிக்கிட்டே இருப்பானே, அவன்தான். அந்த ஆளு மாதிரி நான் இருக்கேன்னு உங்களுக்குத் தோணுது. தோணத்தான் செய்யும். ஆனா நான் அவன் இல்ல. நான் சொல்றது வெளங்குதா?

ஏன் சிரிக்கீக?

என் பேரு தனுஷ்கோடி. கோவில்பட்டியில டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். எங்க ஊர்ல ஒழுங்கா வண்டி ஓட்டுறவன் எவனை வேணா நிறுத்திக் கேளுங்க, என் பேரைச் சொல்லுவான். ஒழுங்கா ஓட்டத் தெரியாதவன் வேற எடத்துல படிச்சவனா இருப்பான். கௌரவமான தொழில். ஒருத்தனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் குடுத்தா அவன் ஆயுசுக்கும் சோறு திம்பான். இந்த நடிப்பு இருக்கே நடிப்பு, அதுல என்ன இருக்கு? இல்லாததை இருக்கிற மாதிரி காட்டணும். எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு.

அந்தப் படத்துல நடிச்சவன் என் மச்சினன். எம் பொண்டாட்டி சண்முகத்தாய் கூடப் பெறந்த தம்பி. அருஞ்சுனைன்னு பேரு. சினிமாவுக்குப் போனவன் எல்லாவனும் பேரை மாத்துறான், இவன் மாத்த மாட்டேன்னுட்டான். அதுலயும் ஒரு திமிரு.

எங்க மாமனார் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கப்பிள்ளை. மாமியார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டாக. தம்பியை வளத்தது பூராவும் சண்முகத்தாய்தான். எங்களுக்குக் கல்யாணம் ஆன பெறகு, காலேஜுக்குப் பக்கம்னு சொல்லி எங்க வீட்டோடயே வந்துட்டான். நான் ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லல. சோறு போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பயதான். குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கெடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம். பாப்பான்.

பாப்பான்னா என்னன்னா, பாத்துக்கிட்டே இருப்பான். நான் சாப்பிட உக்காந்தா எதிர்ல உக்காந்து, தான் திங்கிறதை விட்டுட்டு என்னையவே பாப்பான். நான் போன்ல பேசுனா கதவுப் பக்கம் நின்னு பாப்பான். "என்னலே?"ன்னா, "ஒண்ணுமில்ல அத்தான்" அப்படிம்பான். நான் என்ன நெனைச்சேன், பய நம்மளைப் பாத்து நாலு நல்லது கத்துக்கிடுதான்னு நெனைச்சேன்.

காலேஜை முடிச்சதும் நம்ம ஸ்கூல்லயே இன்ஸ்ட்ரக்டரா போடுவோம்னு பாத்தேன். வந்தான். ஒரு மாசம் இருந்திருப்பான். வண்டி ஓட்டப் பழக வாரவுக பயந்துக்கிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிப்பாக இல்லையா, அந்தப் பயத்தை வீட்டுல வந்து செஞ்சு காட்டுவான். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் கியர் மாத்துறது எப்படி, ஜவுளிக்கடைக்காரர் பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டு சாமி கும்பிடுறது எப்படின்னு. சண்முகத்தாய் சிரிப்பா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பா. நான் உள்ள நுழைஞ்சா ரெண்டு பேரும் நிறுத்திருவாக.

அப்புறம் ஒருநாள் மதுரைக்குப் போறேன், நாடகக் குழுவுல சேந்துட்டேன்னான். சரி, ராஜா வேசம் கட்டுவான், பாட்டுப் பாடுவான்னு நெனைச்சேன். ஒருதரம் சண்முகத்தாய் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கிட்டுப் போனா. ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்துல நாடகம். திரை கிடையாது, சீன் கிடையாது. இவன் ஒரு கந்தல் சேலையைச் சுத்திக்கிட்டு, ரேஷன் கடை வரிசையில நிக்கிற கிழவியா வந்தான். வந்தவன் பேசணும்ல? பேசல. நிக்கான். காலை மாத்தி மாத்தி நிக்கான். பையை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துதான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குதான். வெயில் ஏது அங்க? பொழுது சாஞ்சு போச்சு. அவ்வளவுதான் நாடகம். கடைசியில கடையைச் சாத்திருதாங்க, இவன் திரும்பிப் போறான். ஜனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது. சண்முகத்தாய் அழுகுதா. நான் கேட்டேன், "நிக்கிறதுக்கா கை தட்டுதாங்க? அப்ப எங்க ஆர்.டி.ஓ ஆபீஸ் வாசல்ல நிக்கிறவனுக்கெல்லாம் மாலை போடணுமே"ன்னேன். யாரும் சிரிக்கல. நாடகம் பாக்க வாரவனுக்கு நகைச்சுவையே தெரியாது, கவனிச்சிருக்கீகளா?

அப்புறம் மெட்ராஸ். சினிமாவுல நடிக்கப் போறேன்னு போனவன் என்ன செஞ்சான்னு நெனைக்கீக? கதவைத் திறந்துவிட்டான். ஒரு படத்துல கதவைத் திறந்துவிடுற போலீஸ்காரன். இன்னொரு படத்துல கல்யாணக் கூட்டத்துல பந்தி பரிமாறுறவன், அதுவும் முதுகு மட்டுந்தான் தெரியும். "அந்தா, அது தம்பி முதுகு!"ன்னு சண்முகத்தாய் தியேட்டர்ல கத்துதா. முதுகைப் பாத்து அடையாளம் சொல்றதுக்கா ஒருத்தன் சினிமாவுக்குப் போகணும்?

அப்புறம் ஒரு படத்துல ஹீரோ எத்துற எத்துல தக்காளி வண்டி மேல போய் விழுவான். முகம் தெரிஞ்சதே அதுலதான், அதுவும் விழுந்து எந்திரிக்கையில, தக்காளிச் சாறோட. நான் டீக்கடையில எல்லாரையும் உக்கார வச்சு, செல்போன்ல அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக் காட்டுனேன். ஒளிச்சு வைக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது.

அந்த வருசம் குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தான். சொந்தபந்தம் பூராவும் வீட்டு முற்றத்துல உக்காந்திருக்கு. சாப்பிட்டு முடிச்ச நேரம். நான் சொன்னேன், "ஏலே அருஞ்சுனை, எல்லாரும் ஆசைப்படுதாக, அந்தத் தக்காளி வண்டியில விழுந்தியே, அதை ஒருதரம் விழுந்து காட்டு"ன்னேன். சும்மா தமாசுக்கு. பய என்னை ஒருதரம் பாத்தான். அக்காவை ஒருதரம் பாத்தான். எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, எத்து வாங்குன மாதிரி ரெண்டு சுத்து சுத்தி, தரையில தொபுக்கடீர்னு விழுந்தான். சிமெண்டுத் தரை. பொம்பளைக எல்லாம் ஐயோன்னுட்டாக. அப்புறம் எல்லாரும் சிரிச்சோம். வயிறு வலிக்கச் சிரிச்சோம். அவன் எந்திரிச்சு முழங்கையில ஒட்டுன மண்ணைத் தட்டிவிட்டுக்கிட்டு, "சரியா விழுந்தேனா அத்தான்?"னு கேட்டான். மரியாதையாத்தான் கேட்டான். முழங்கையில லேசா ரத்தம். சண்முகத்தாய் எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவளுக்குத் தமாசு புரியாது. நான் சொல்றது வெளங்குதா? நான் கெட்ட எண்ணத்துல எதுவும் செய்யல. சொந்தக்காரங்க முன்னாடி அவனுக்கும் ஒரு மேடை போட்டுக் குடுத்தேன், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் வரல. அப்புறம்தான் இந்தப் படம்.

போஸ்டர்ல அவன் மூஞ்சி இருக்குன்னு மைக்கேல் வந்து சொன்னான். மைக்கேல் எங்கிட்ட இன்ஸ்ட்ரக்டரா இருக்கிறவன். எனக்கு ஒரே குஷி. எதுல விழப்போறான்னு பாப்போம்டான்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை பகல் காட்சிக்கு எல்லாருக்கும் நானே டிக்கெட் போட்டேன். சண்முகத்தாய், எம் மக வர்ஷினி, மைக்கேல், அவன் சம்சாரம், ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைக சில பேரு. ஒரு வரிசை பூராவும் நம்ம ஆளுக.

படம் ஆரம்பிச்சது. இவன் வந்தான். முதல்ல எனக்கு அடையாளமே தெரியல அண்ணாச்சி. தலையில நரை, தொப்பை, நடையே வேற. முப்பது வயசுகூட ஆகாத பய, என் வயசு ஆளா வாரான். வந்து உக்காந்து, துண்டை மடிச்சுத் தொடையில போட்டு, தொண்டையைச் செருமிக்கிட்டு, லாரி டிரைவர்கிட்ட ஏதோ சொல்லிட்டு, "நான் சொல்றது வெளங்குதா?"ன்னான்.

தியேட்டர் இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. எனக்கு ஒண்ணும் புரியல. இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒரு மனுசன் வெளங்குதான்னு கேக்கான். மைக்கேல் கர்ச்சீப்பை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு குலுங்குதான். படிக்கிற பிள்ளைக எல்லாம் சீட்டுக்கு அடியில குனிஞ்சுட்டாங்க.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவே இல்ல. இப்ப உங்ககிட்ட மனசுவிட்டுச் சொல்றேன், பாத்த உடனே பிடிக்கல. அவன் வீட்டுல அந்தப் பொம்பளை ஒரு வார்த்தை பேச வாயெடுத்தா, அதுக்குள்ள அவன் பேசி முடிச்சிருதான். சாப்பிட உக்காந்தா, குழம்பு வேணும், ரசம் வேணும்னு வாய்தொறந்து கேக்க மாட்டான். விரல்ல கெடக்கிற மோதிரத்தை வச்சு தட்டு விளிம்புல டங் டங்குனு தட்டுவான். அவ ஓடி வருவா. என்ன மனுசன் இவன்! எனக்குத் தாங்கல. சத்தமாவே சொல்லிட்டேன்: "இவனையெல்லாம் கட்டிக்கிட்டு அந்தப் புள்ள எப்படித்தான் குடும்பம் நடத்துதோ!"

எங்க வரிசையே கப்புனு அடங்கிப்போச்சு.

சண்முகத்தாய் திரும்பி என்னைப் பாத்தா. அந்த வெளிச்சத்துல நல்லா என் மூஞ்சியைப் பாத்தா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ அப்படி என்னைப் பாத்ததில்ல. வர்ஷினி என் கையைப் பிடிச்சு இழுத்து, "அப்பா, சும்மா இருங்கப்பா" அப்படிங்கா.

"ஏன்?"

"அது நீங்கதாம்ப்பா."

சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்? நான் மறுபடியும் திரையைப் பாத்தேன். அப்ப அந்தக் காய்ச்சல் சீன் ஓடுது. அந்தப் பொம்பளைக்குக் காய்ச்சல், போர்வையைப் போத்திக்கிட்டுக் கெடக்கா. இவன் சாப்பிட உக்காந்து தட்டைத் தட்டுதான். அவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்து ரசத்தை ஊத்திட்டுப் போறா. போய்ப் படுத்திருக்க மாட்டா, மறுபடியும் டங் டங். முன்னாடி அதே தட்டுக்குச் சிரிச்ச ஜனம் இப்ப ஒருத்தரும் சிரிக்கல. எனக்குப் பக்கத்துல சண்முகத்தாய் மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது.

சண்முகத்தாய்க்கு ஒருதரம் டெங்கு வந்தது வாஸ்தவந்தான். அன்னைக்கு நான் தட்டைத் தட்டுனேனாங்கிறது எனக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பய ஞாபகம் வச்சிருக்கான். எதிர்ல உக்காந்து என் சோத்தைத் தின்னவன்.

நான் எந்திரிச்சுட்டேன். ஆர்.டி.ஓ ஆபீஸ்ல வேலை இருக்குன்னேன். "ஞாயித்துக்கிழமையா அண்ணாச்சி?"ன்னு மைக்கேல் கேக்கான். அவனுக்கு அது ரொம்ப முக்கியம்.

அதுக்கப்புறம் ஊர்ல என் கதையைக் கேளுங்க. டீக்கடையில உக்காந்தா எவனாவது டம்ளரைத் தட்டுவான். வண்டி பழக வர்ற பொம்பளைப் புள்ளைககிட்ட "கிளட்ச்சை மெதுவா விடணும், நான் சொல்றது வெளங்குதா?"ன்னு சொன்னா, அதுக சிரிச்சு வண்டி ஆஃப் ஆயிருது. முன்னப்பின்ன தெரியாதவன் வந்து கையைக் குடுத்து, "கடைசியில அழ வச்சுட்டீக அண்ணாச்சி" அப்படிங்கான். நான் எங்கடா உன்னை அழ வச்சேன்? பேப்பர்ல அவனைப் பத்தி எழுதுதான், பெரிய நடிகன், கூர்மையான பார்வைன்னு. என்ன கூர்மை? நான் இருந்த மாதிரி அவன் இருந்தான். கஷ்டப்பட்டு அப்படி இருக்கிறவன் நான். பேரு அவனுக்கு. இதுக்குப் பேரு திருட்டு இல்லையா? நீங்களே சொல்லுங்க.

வீட்டுல சண்முகத்தாய் சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். படம் பாத்த மறுநாள் மத்தியானம் சாப்பிட உக்காந்தேன். சாம்பாரை முடிச்சேன். பழக்கதோசம், தட்டைத் தட்டிட்டேன். யாரும் வரல. இன்னொரு தடவை தட்டுனேன். எட்டிப் பாத்தா, அடுப்படியில தரையில உக்காந்து அவ பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. என் தட்டுல சோறு காயுது, அவ நிதானமா அப்பளத்தை நொறுக்கிப் பிசைஞ்சு தின்னுக்கிட்டு இருக்கா. நானே போய் ரசம் ஊத்திக்கிட்டேன். பாத்தீகளா, ஒரு சினிமா ஒரு குடும்பத்தை எந்த அளவுக்குக் கெடுக்கும்னு?

சரி, இவனை நேர்ல பாத்து நாலு அறை விட்டாத்தான் ஆகும்னு மெட்ராசுக்கு ரயில் ஏறுனேன். சாலிகிராமத்துல ஒரு மொட்டைமாடி ரூம். இவ்வளவு பேரு வாங்குனவன், பங்களாவுல இருப்பான்னு பாத்தா, பாய் விரிச்சுப் படுத்திருக்கான். படம் இல்லாத நாள்ல இன்னமும் நாடகத்துல நடிக்கானாம். வெக்கங்கெட்டவன்.

என்னைப் பாத்ததும், "வாங்க அத்தான்! அக்கா வரலையா? சாப்பிட்டீகளா?"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். கையைப் பிடிச்சுக்கிட்டவனை எப்படி அறையுறது? அவனே சமைச்சிருந்தான். தட்டைப் போட்டு உக்கார வச்சுப் பரிமாறுனான். நான் வேணும்னே மோதிரத்தைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுட்டுத்தான் உக்காந்தேன். பேசிக்கிட்டே சாப்பிடுதேன், பாத்தா அவன் குழம்புக் கரண்டியோட எதிர்ல நிக்கான். என்னலேன்னு பாத்தா, என் விரல் வெறுமனே தட்டு விளிம்புல தட்டிக்கிட்டு இருக்கு. சத்தமே வரல. சத்தம் வராததுக்கே ஓடி வந்திருக்கான். எனக்கு வந்துச்சே கோவம்.

"ஏம்லே, உலகத்துல உனக்கு வேற ஆளே கெடைக்கலையா? என்னைப் போயி ஏம்லே நடிச்ச?"

"உங்களை மாதிரி வேற யாரையும் நான் அவ்வளவு பாத்ததில்லையே அத்தான்."

"ஊரு பூரா என்னைக் கெட்டவனாக்கிட்டியேலே."

"டைரக்டர் இன்னும் கெட்டவனாத்தான் எழுதியிருந்தாரு. அவனைக் கடைசியில லாரியில அடிபட்டுச் சாக விடணும்னாரு. நான்தான் சண்டை போட்டு மாத்துனேன். கடைசி சீன் பாத்தீகளா அத்தான்?"

"எனக்கு வேலை இருந்துச்சு."

பாக்கலைன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. கரண்டியைக் கீழ வச்சான். "ஒரு நிமிசம் அத்தான்"னுட்டு சுவரோரம் போனான். அப்படியே தோளைக் கொஞ்சம் இறக்குனான். அவ்வளவுதான். நரையும் இல்ல, தொப்பையும் இல்ல, ஆனா கிழவனாயிட்டான். படத்துல பொண்டாட்டி மக வீட்டுக்குப் போயிட்டாளாம், இவன் மட்டும் தனியா வீட்டுல. கஞ்சி வச்சிருக்கான். ஒரு வாய் குடிக்கான், உப்பு இல்ல. எந்திரிச்சுப் போய் ஒவ்வொரு டப்பாவா தொறக்கான். அந்த ரூம்ல டப்பாவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, வெறும் சுவரு. தொறக்கான், மோந்து பாக்கான், மூடுதான். இன்னொண்ணு. நுனி நாக்குல வச்சுப் பாத்துத் துப்புதான். மேல் தட்டை அண்ணாந்து பாக்கான். காலங்காலமா குடியிருந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியல. பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் தொறக்கான். மூடிக்கிடுதான். திரும்ப வந்து உக்காந்து, உப்பில்லாத கஞ்சியை ஒரு சொட்டு விடாம குடிக்கான்.

நான் அப்படியே உக்காந்திருந்தேன். சாப்பிட்ட கை காஞ்சுபோச்சு.

"எப்படி இருந்துச்சு அத்தான்?"னு கேட்டான். முகத்துல சின்னப்புள்ள மாதிரி ஒரு ஆசை.

"இதுல என்ன இருக்கு? எங்க வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்லே"ன்னேன்.

"தெரியுமா அத்தான்?"

"தெரியாம?"

"சரி அத்தான்"னான். ரயில் ஏத்திவிட வந்தான். ஸ்டேசன்ல நாலு பேரு அவனைச் சுத்திக்கிட்டு போட்டோ எடுக்காங்க, அவன் என் பையைக் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கான். நடிப்பு, எல்லாம் நடிப்பு.

ஊரு வந்து சேந்து வீட்டுக்குள்ள நுழையறேன், ஒருத்தரையும் காணோம். வர்ஷினி பள்ளிக்கூடத்துல ஏதோ கூட்டமாம், ரெண்டு பேரும் போயிருக்காங்க. எனக்குப் பசி ஒண்ணும் இல்ல. சும்மாதான் அடுப்படிக்குள்ள போனேன். இவனுக்கு ஒரு பாடம் கத்துக்குடுக்கணும், உப்பு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு போன் போட்டு, "இந்தா இருக்குலே உப்பு"ன்னு சொல்லணும். அதுக்காகத்தான் போனேன்.

முதல் டப்பா கடுகு. சரி. அடுத்தது சீரகம். அடுத்தது வெள்ளையா இருந்துச்சு, நாக்குல வச்சேன், சீனி. இன்னொண்ணு வெள்ளை, அது சோடா உப்பு, குமட்டிக்கிட்டு வந்துச்சு, ஓடிப்போய்த் துப்புனேன். மேல் தட்டுல எக்கிப் பாத்தேன். அரிசி மாவு கொட்டுச்சு. என்ன பொம்பளை இவ? உப்பை உப்பு இருக்கிற எடத்துல வைக்க வேண்டாமா? ஒரு டப்பா மேலயும் பேரு எழுதல. கீழ குனிஞ்சு, சிலிண்டர் பக்கமெல்லாம் பாத்துட்டு நிமிர்ந்தா, வாசல்ல சண்முகத்தாய் நிக்கா. வர்ஷினி அவ தோளுக்குப் பின்னாடி நிக்கா. எவ்வளவு நேரமா நிக்காங்களோ.

சண்முகத்தாய் சிரிச்சா அண்ணாச்சி. தம்பி செஞ்சு காட்டும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. கண்ணுல தண்ணி வந்து, முந்தானையில துடைச்சுக்கிட்டு, மறுபடியும் சிரிச்சா. என்னைப் பாத்து அப்படி அவ சிரிச்சதே இல்ல.

"நல்லாத்தான் நடிக்கீக"ன்னா. "ஆனா, தம்பி அளவுக்கு வரல."

நான் நடிக்கேனாம்! நானா நடிக்கேன்? தலையில மாவு, வாயில சோடா உப்பு, வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு சாமானை நெசமாத் தேடிக்கிட்டு நிக்கேன், அதைப் பாத்து நடிப்புங்கா. அதுவும் அவன் அளவுக்கு இல்லையாம்!

"உப்பு எங்கட்டி வச்சிருக்க?"ன்னேன்.

"தேடுங்க"ன்னுட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிட்டா.

இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நானும் மறுபடி கேக்கல. கேட்டா, நேரா போன் போட்டு அவன்கிட்ட சொல்லிருவா. அவன் அதையும் எங்கேயாவது நடிச்சுத் தொலைப்பான்.